ஹாலிஸ் புரூயிட் ஜல்லிக்கரண்டி வென்ற சருக்கம்

வாழ்க! மண்ணுக்குள் நெளியும் மண்புழுவே, ஈரக் காகிதம் போர்த்திய டப்பாவில் துயிலும் செம்மேனியாளே, முதற்கண் உன்னை வணங்குகிறோம். ஏனெனில் இக்கதையில் வீரமெல்லாம் ஒருவருடையது, சாவெல்லாம் உன்னுடையது. அடுத்து வாழ்க, அலபாமா நாட்டின் தென்பால் டகோவா ஏரிக்கரையில் அவதரித்த புரூயிட் குலத்தோன்றல், இருபத்தொன்பது ஆண்டுகள் வீடுதோறும் காஸ் நிரப்பிய லாரிச் சாரதி, முழங்கால் வலியை முறுவலால் வென்றவர், தூண்டிற்கோல் தாங்கிய தடக்கையர், ஹாலிஸ் என்னும் திருநாமம் பூண்ட பெருமகனார்! வயது அறுபத்து நான்கு. கால்சட்டைக்கு பெல்ட்டும் போட்டு, அதற்கு மேல் தோளிலிருந்து வாரும் மாட்டுகிறவர்.

இனி அவர் எதிர்நின்ற பகையைப் பாடாது விட்டால் பாவம் வந்து சேரும். நத்தையின் கோட்டையைத் தொண்டைப் பல்லால் தகர்ப்பது, சிப்பியின் கவசத்தைக் கடலைபோல் உடைத்துத் தின்பது, செவிமடல் போன்ற செவுள்மூடியின் ஓரத்தில் குருதிச் சிவப்புக் கோடு தீட்டியது, உள்ளங்கை அகன்ற பொன்பச்சை மேனியது, ஓடுநொறுக்கி என்று அவ்வூரார் அழைக்கும் மீன் அது. மே மாதம் முழுநிலா வந்துவிட்டால் அந்த வீரக்குலம் முழுவதும் கரையோரத்து ஆழமில்லாத நீருக்கு வந்து, மணலில் தட்டுத் தட்டாய்ப் பள்ளம் பறித்து முட்டையிடும். அப்போது ஊரே திரண்டு போய் வாளி வாளியாய் அள்ளி வரும். ஜூன் கழிந்ததும் மீன்கள் எங்கே போகின்றன என்று யாருக்கும் தெரியாது, யாரும் தேடியதும் இல்லை.

அந்த ஊரில் ஒரு பாப்டிஸ்ட் சபை. அதன் முற்றத்தில் ஓர் இரும்புக் கொப்பரை. வெளியூர் போன உறவெல்லாம் ஆண்டுக்கொரு முறை கூடுகிற அக்டோபர் முதல் ஞாயிறன்று அதில் எண்ணெய் கொதிக்கும், மீன் பொரியும், சபை முழுவதும் தட்டேந்தி நிற்கும். அக்கொப்பரையின் முன் ஜல்லிக்கரண்டி பிடித்து நிற்பவனே அன்றைய மன்னன். போதகர்கூட அவன் முகம் பார்த்துத்தான் தட்டை நீட்டுவார். பதினான்கு ஆண்டுகளாக அந்த அரியணையில் வீற்றிருந்தவர் லான்ஸோ டிட்வெல், ஹாலிஸின் மனைவி வெர்னாவின் அண்ணன், பண்ணைக் கெளுத்தியை முள் நீக்கித் துண்டு போட்டு வாங்கிவந்து பொரிக்கும் பெருவணிகச் சிந்தையர். பொரிக்கிற அவரைச் சுற்றி எப்போதும் பத்துப் பேர் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

உண்மையைச் சொல்லிவிடலாம். ஹாலிஸுக்கு வேண்டியிருந்தது மீன் இல்லை, அந்தப் பத்துப் பேர். லாரி ஓட்டிய காலத்தில் அவர் தலையைக் கண்டால் வீட்டு நாய் முதல் பாட்டி வரை வாசலுக்கு வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்று எட்டு மாதமாகிறது. அவரை எதற்காகவும் யாரும் கூப்பிடவில்லை. இதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் தொலைபேசி அடித்தால் வெர்னாவை முந்திக்கொண்டு ஓடி எடுப்பார், அது எப்போதும் வெர்னாவுக்கே வந்திருக்கும்.

அப்படியிருக்க, செப்டம்பர் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் காபிக் கோப்பையோடு நிற்கையில், மே மாதத்தில் தாம் ஒரே நாளில் நாற்பது ஓடுநொறுக்கி பிடித்த வீரப்பிரதாபத்தை ஹாலிஸ் ஒன்பதாவது முறையாக எடுத்துரைத்தார். லான்ஸோ மெதுவாகக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மாப்ளே, மே மாசத்துல ஓடுநொறுக்கி பிடிக்கிறதெல்லாம் ஒரு வித்தையா? கரையில நின்னு தும்முனாலே ரெண்டு வந்து மடியில விழும். இப்பப் பிடி பாப்போம். வர்ற சனிக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள முப்பது பிடிச்சிரு. ஜல்லிக்கரண்டிய உன் கையில குடுத்துட்டு நான் வரிசையில நிக்கறேன்."

கேட்டார் ஹாலிஸ். செவி சிவந்தது, மீசை துடித்தது, தோள்வார் விம்மியது. எண்திசையும் அதிர, ஏரிநீர் கலங்க, சபைக் கூரையின் புறாக்கள் சிறகடித்துப் பறக்க, "கோடையானாலென், குளிரானாலென், ஆழம் புகுந்தாலென், பாதாளம் புகுந்தாலென், செவிசிவந்த அச்சேனையைச் சிறைபிடித்து உன் கொப்பரை முன் குவிப்பேன், தவறின் இக்கோலைத் தொடேன்!" என்று வஞ்சினம் கூறியது அவரது உள்ளம். வாய் கூறியது சற்றுச் சுருக்கம்.

"சரி மச்சான், பாத்துருவோம்."

அவ்வளவுதான். ஆனால் அறுபது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

திங்களன்று கிழக்கு வெளுக்குமுன் எழுந்தது படை. அலுமினியப் படகு ஒன்று, கோல்கள் மூன்று, புழு டப்பா இரண்டு, வெர்னா கட்டிக்கொடுத்த பன்றி இறைச்சி வைத்த ரொட்டி நான்கு. மே மாதத்தில் வெற்றிக்கொடி நாட்டிய அதே அல்லிக்கரைக்கு, அதே மூன்றடி நீருக்கு, இம்மியும் வழி பிசகாமல் போய்ச் சேர்ந்தார் நம் தலைவர். பள்ளங்கள் அங்கேயேதான் இருந்தன, பாசி படிந்து, குடிபோன வீட்டு அறைகளைப் போல. அங்கே அவர் வளைத்துப் போரிட்டு வென்றவை இவை: விரல் நீளப் பொடிமீன் ஆறு, நீர்த்தாவரம் கைப்பிடி நான்கு, முகம் சுளித்த ஆமை ஒன்று. செவ்வாயன்று மறுபடியும் அங்கேயே போனார். அதே ஆமை மறுபடியும் வந்தது.

புதன்கிழமை நடந்ததைச் சொல்ல நாக்கூசுகிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். ஓடுநொறுக்கி முட்டையிடும் பள்ளங்களின் மேல் காற்றில் அறுத்த தர்ப்பூசணியின் வாசம் வரும் என்பது டகோவா ஏரிக்கரையின் மாறாத வேதம். அவ்வூரில் மூக்கால் மீன் பிடிப்பவனுக்கே மதிப்பு அதிகம். புரூயிட் குலத்து மூக்கோ மூன்று தலைமுறைப் புகழ் கொண்டது. இன்னும் சொல்லப்போனால், மூக்கு ஒன்று சொல்லிக் காலண்டர் வேறு சொன்னாலும் மூக்கையே நம்புகிறவர்கள் அவர்கள். காலை ஒன்பது மணிக்குச் சைப்ரஸ் மரங்கள் நீரில் கால் நனைத்து நிற்கும் வளைவில் படகு திரும்பியபோது, வந்தது தென்றல். தென்றலில் வந்தது தர்ப்பூசணி.

என் சொல்வது அந்தக் கணத்தை! மோட்டாரை அணைத்தார். தொப்பியைக் கழற்றினார். செப்டம்பரில் முட்டையிடும் பள்ளமா, இயற்கை தன் விதியைத் தனக்காகவே தளர்த்தியதா என்று கண் கசிந்தார். இந்த இரண்டாம் முட்டைப் பருவத்தைக் கண்டறிந்தவர் என்று தம் பெயர் மாநில மீன்வளத் துறையாரின் ஏடுகளில் ஏறுவதையும், லான்ஸோ அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசிப்பதையும் அகக்கண்ணால் கண்டார். நங்கூரம் இறக்கி, வாசம் எங்கே கனக்கிறதோ அங்கே தூண்டில் வீசி, மூச்சை அடக்கி மூன்று மணி நேரம் முனிவரைப்போல் அமர்ந்திருந்தார். தக்கை அசையவில்லை. வாசமோ குறையவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் காற்று நின்றது. அந்த அமைதியில், மரத்துக்குப் பின்னாலிருந்து, விதை துப்பும் ஓசை கேட்டது.

ஹாலிஸ் எட்டிப் பார்த்தார். கரையில் மடக்கு நாற்காலி போட்டு, மடியில் பாதித் தர்ப்பூசணியும் கையில் உப்புக் குடுவையுமாக, தம் நிலத்து வேலியைப் பழுதுபார்க்க வந்து களைத்துப்போன லான்ஸோ உட்கார்ந்திருந்தார். லான்ஸோவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. படகு நின்ற இடத்தைப் பார்த்தார், நங்கூரத்தைப் பார்த்தார், கையிலிருந்த பழத்தைப் பார்த்தார், பிறகு புரிந்தது. நல்ல மனிதர், சிரிக்கவில்லை. ஆனால் தோள் மட்டும் குலுங்கியது.

"மாப்ளே, ஒரு துண்டு வேணுமா?"

அன்றிரவு, இல்லை, பொழுது சாய்வதற்கு முன்பே, மாவீரர் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். வெர்னா இரண்டு முறை கூப்பிட்டாள். மூன்றாவது முறை தட்டோடு உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து, ஒரு சாதாரணக் கேள்வி கேட்டாள்: மே மாதம் மீனைப் பிடித்து வந்தீர்களே, அவை என்ன தின்றிருந்தன? ஹாலிஸுக்குத் தெரியவில்லை. நாற்பது ஆண்டுகளாக மீன் பிடிக்கிறார். ஒரு மீனின் வயிற்றுக்குள் என்ன இருந்தது என்று பார்த்ததில்லை.

"எப்படித் தெரியும்? பிடிச்சது நீங்க, வயித்தக் கிழிச்சது நான். முட்டை போடுற காலத்துல குடல்ல பெருசா ஒண்ணும் இருக்காது. பருவம் முடியறப்ப கடைசியா ஒண்ணு ரெண்டு கொண்டு வருவீங்க பாருங்க, அது வயிறு பூரா சிப்பித் தூளு, கல்லுப் பொடி, கத்தி மொண்ணையாயிரும். சிப்பி எங்க கிடக்குதோ அங்க போவீங்களா, பள்ளத்தையே மோந்து பாத்துட்டுக் கிடக்கீங்க."

ஆகா! போர்க்களம் பல கண்ட சேனாதிபதிகள் அறியாத மந்திரத்தை மீன் கழுவும் தொட்டியருகே நின்று கற்றறிந்த மங்கை நல்லாள் வாழ்க! ஹாலிஸ் எழுந்து உட்கார்ந்து தட்டை வாங்கினார். சாப்பிட்டு முடிக்கும்போது அந்த யோசனை முழுக்க முழுக்கத் தம்முடையது என்றே அவருக்குத் தோன்றிவிட்டது.

சிப்பி எங்கே கிடக்கும்? சேற்றில் இல்லை, கெட்டியான கல்தரையில். அணை கட்டி ஏரி ஆவதற்கு முன் அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பழைய சரளைக்கல் சாலை போயிற்று. இருபதடி நீருக்கடியில் இன்னும் அது யாருக்காகவோ கிடக்கிறது. வியாழனன்று ஹாலிஸ் தக்கையைக் கழற்றி எறிந்தார். தூண்டில் நரம்பில் ஈயக்குண்டு மட்டும் கோத்து, அடிமண்ணைத் தொட இறக்கி, படகை அங்குலம் அங்குலமாக நகர்த்தி, குருடன் கோலால் தெரு தேடுவதுபோல் ஏரியின் அடியைத் தட்டிக்கொண்டே போனார். சேறு, சேறு, மரவேர், சேறு. மாலை நான்கு மணிக்குக் கையில் ஓர் அதிர்வு ஏறியது: டொக், டொக், கரகர, டொக். ஈயத்தை மேலே எடுத்தார். அதில் சிப்பியின் வெள்ளை ஒட்டியிருந்தது.

வெள்ளியன்று சாலையின் மேல் நங்கூரமிட்டுப் புழுவை அடியில் கிடத்தினார். ஐந்தே நிமிடத்தில் நரம்பு லேசாக விறைத்தது. ஹாலிஸ் மின்னலென வெட்டி இழுத்தார். வந்தது வெறும் தூண்டில் முள். மறுபடி விறைத்தது, மறுபடி வெட்டினார், மறுபடி வெறும் முள். மே மாதத்து மீன் முட்டைக்குக் காவல் நிற்பது. எது விழுந்தாலும் ஆத்திரத்தில் கவ்வும். இதுவோ காவலில்லாத காலத்து மீன், அவசரமில்லாதது, நத்தையென்று எண்ணிப் புழுவை வாயில் உருட்டி, ஓடு இருக்கிறதா என்று மென்று பார்த்து, பிறகே விழுங்கும். அந்த மூன்று மூச்சு நேரம் பொறுக்க ஹாலிஸின் வலக்கைக்குத் தெரியவில்லை. பதினெட்டு மீன் தொட்டுப் போயின, பிடிபட்டவை இரண்டு. வீடு திரும்பும் வழியில் அவர் அந்தக் கையைத் திட்டிக்கொண்டே வந்தார்.

விடிந்தது சனி. ஏரி முழுவதும் மூடுபனி. எட்டுத்திக்கும் காக்கும் தெய்வங்களே, ஏழு கடலும் ஆளும் வேந்தர்களே, மாற்றான் படையை வென்றவர் பலரைக் கண்டீர். தன் கையைத் தானே வென்றவனைக் கண்டதுண்டா? கண்டுகொள்ளுங்கள்! கோலைப் படகின் விளிம்பில் சாய்த்து, இடக்கையால் அடிக்கட்டையைத் தொட்டு, தம் வலக்கையைத் தொடைக்கு அடியில் செருகி, அதன்மேல் தம் முழு எடையோடும் உட்கார்ந்தார் ஹாலிஸ் புரூயிட். நரம்பு விறைத்தது. கை துடித்தது, திமிறியது, விடச்சொல்லிக் கெஞ்சியது. ஒன்று, என்றார். இரண்டு, என்றார். நெற்றியில் வியர்வை அரும்ப, தாடை இறுக, தோள்வார் நடுங்க, மூன்று, என்றார். கோல் தானாகவே வளைந்து நீரை முத்தமிட்டது.

அதன்பின் நிகழ்ந்த பெரும்போரை ஆயிரம் நாவிருந்தாலும் அளவிட்டுரைப்பது அரிது. அகன்ற விலாவை நீருக்குக் குறுக்கே திருப்பி, வட்டமிட்டு வட்டமிட்டு அடியாழம் நோக்கி இழுத்தது அந்த ஓடுநொறுக்கி வேந்தன். மரத்துப்போன கையை உதறியபடி சக்கரம் சுழற்றினார் நம் தலைவர். நரம்பு யாழென முரல, படகு பம்பரமெனச் சுழல, ரொட்டிப் பொட்டலம் நீரில் விழுந்து மிதக்க, மேலே வந்தது செவ்விளிம்புச் செவி. ஒரு பவுண்டுக்கு மேல் இருக்கும். பனி விலகி வெயில் ஏறி, வெயில் சாயும் வரை அவர் எழவில்லை, சாப்பிடவில்லை. சூரியன் மரவரிசையைத் தொட்டபோது ஐஸ் பெட்டியில் முப்பத்தொன்று கிடந்தன. ஹாலிஸ் அவற்றை மூன்று முறை எண்ணினார், பிறகு யாருமில்லாத ஏரியின் நடுவில் கொஞ்சம் அழுதார்.

வெர்னா கத்தியைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். சதையை மட்டும் சீவி எடுத்துத் துண்டு போட்டுவிடலாம், நாளைக்குச் சாப்பிடுகிறவர்களுக்குச் சுலபம் என்றாள். ஹாலிஸ் வெகுண்டார். துண்டு போட்டால் ஓடுநொறுக்கி எது, கடைக் கெளுத்தி எது? தலையோடு, செவியோடு, வாலோடு, முழுமீனாகவே கொப்பரையில் இறங்கும் என்று ஆணையிட்டார். வெர்னா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் செதிலைச் சுரண்டிக் குடலை மட்டும் எடுத்துக் கொடுத்தாள்.

ஞாயிறு. போதகர் அன்று எதைப் பற்றிப் பேசினார் என்று ஹாலிஸைக் கேட்டால் சொல்லத் தெரியாது. ஆராதனை முடிந்து முற்றத்தில் சபை திரண்டபோது பெட்டி திறக்கப்பட்டது. ஊரே குனிந்து பார்த்தது. பெருமூச்சுகள் எழுந்தன, சிலர் தொட்டும் பார்த்தார்கள், வெளியூர்க்காரர் ஒருவர் படமெடுத்தார். லான்ஸோ இரண்டு கையாலும் ஜல்லிக்கரண்டியை நீட்டினார். பதினான்கு ஆண்டு ஆண்ட மனிதரின் கை கொஞ்சம் தாமதித்துத்தான் விட்டது.

"எடுத்துக்கோ மாப்ளே. நீதான் பிடிச்ச. மனசாரச் சொல்றேன், நான் நம்பல."

செங்கோல் கைமாறியது. கொதித்தது கொப்பரை, மக்காச்சோள மாவில் புரண்ட மீன்கள் ஒவ்வொன்றாய் இறங்கின, நுரை பொங்கியது, மணம் முற்றத்தைத் தாண்டிக் கல்லறைத் தோட்டம் வரை போயிற்று. பொன்னிறமாய்ப் பொரிந்து, தலையும் வாலும் நிமிர்ந்து, மாவுக்குள் செவியின் சிவப்பெல்லாம் மறைந்து, தட்டில் மலைபோல் குவிந்தன முப்பத்தொன்றும். மேடையேறியவர்போல் நிமிர்ந்து நின்றார் ஹாலிஸ். வரிசையின் முதலில், சபையிலேயே மூத்தவரான மிஸ் இயூலா தட்டோடு வந்து, மீனை இப்புறமும் அப்புறமும் பார்த்தார்.

"ஹாலிஸு, இதுல முள்ளு இருக்குமா?"

செப்டம்பரின் ஆழத்தில் மூழ்கிய சாலையைக் கையால் தேடிக் கண்ட கதையையும், தன்னைத்தான் வென்ற அந்த மூன்று மூச்சையும், வேந்தன் வட்டமிட்ட வட்டங்களையும், ஒரு நூற்றாண்டுக் காலம் பாடத்தக்க புகழையும் ஒரே மூச்சில் எடுத்துரைக்கத் திறந்தது அந்த வீரத் திருவாய்.

"இருக்கு, மிஸ் இயூலா."

"அப்ப வேணாம்ப்பா. எம்பல்லு கட்டுன பல்லு. கெளுத்தி எதாச்சும் கிடக்கா?"

அவருக்குப் பின்னால் நின்றவர் கழுத்தை நீட்டித் தானும் அதையே கேட்டார். அவருக்குப் பின்னால் பிள்ளைகளோடு நின்றவளும் கேட்டாள். வரிசை முழுவதும் மெல்ல, வெட்கத்தோடு, அன்போடு, ஒவ்வொருவராய், ஹாலிஸ் ஹாலிஸ் என்று பெயர் சொல்லியே கேட்டார்கள். லான்ஸோ தம் வண்டிக்குப் போய், எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்திருந்த கெளுத்திப் பெட்டியைத் தூக்கிவந்து கொப்பரையருகே வைத்தார்.

ஹாலிஸ் சாயங்காலம் வரை கெளுத்தி பொரித்தார்.